தாய்மாமனும் மூன்றாவது கியரும்

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், தன் பழைய மோட்டார் சைக்கிளை எனக்கு விற்றார் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். விற்கவில்லை. என் தலையில் தள்ளிவிட்டார். வண்டி கைக்கு வந்த மாதமே மூன்றாவது கியர் தன் குணத்தைக் காட்டியது. போட்டால் விழும், கொஞ்ச தூரம் ஓடும், பிறகு நம்மைக் கேட்காமல் கழன்று நியூட்ரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதை நான் ஒரு கல்யாணப் பந்தியில், அவருடைய மாமனார் வீட்டு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். "எங்க மச்சான் குடுத்த பைக்குல நாலு கியருங்க. மூணு இரும்பு, ஒண்ணு வாக்குறுதி."

பந்தி சிரித்தது. மச்சான் பாயாசத்துக்குக் காத்திராமல் கை கழுவினார். அன்றோடு பேச்சு நின்றது.

இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தேன். கண்டிப் பிள்ளையார் கோயிலில் வைத்த மகளின் காதுகுத்து வந்து கெடுத்தது. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். என் மனைவிக்கோ அண்ணன் ஒருவர்தான். "எங்கண்ணன் மடி இல்லாம எம்புள்ள காதுல ஊசி படாது" என்று அவள் சொல்லிவிட்டாள். மிரட்டல் அல்ல அது, தகவல். ஐயர் குறித்துக் கொடுத்த நேரமோ காலையில், ராகு காலத்துக்கு முன்னால். அதைத் தவறவிட்டால் ஆடி கழியும்வரை நல்ல நாள் இல்லை. ஆடி முழுக்க என் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் நான் இருக்க வேண்டும்.

மனைவி ஆள் விட்டதற்கு மச்சான் பதில் அனுப்பினார். வருவாராம். ஆனால் அப்பன்காரனே நேரில் வந்து வெற்றிலை வைத்து அழைக்க வேண்டுமாம். அதோடு, அந்த பைக்கிலேயே கூட்டிப்போக வேண்டுமாம். பஸ் கூடாது, வேன் கூடாது. மூன்றாவது கியர் நன்றாக வேலை செய்வதைக் கண்டி டவுனே பார்க்க வேண்டுமாம்.

அவர் வீடு கம்பளைக்கு மேலே, நுவரெலியா ரோட்டில். காதுகுத்து நாள் விடிந்ததும் போய்ச் சேர்ந்தேன். பேச்சுவார்த்தை இல்லாத ஒருவரை எப்படி அழைப்பது? வெற்றிலைத் தட்டை ஸ்டூலில் வைத்து, சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே திரும்பி, வந்த ஆளுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்படி அடுப்படிக்குச் சொன்னார். சம்மதம் என்று அர்த்தம். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, மருமகளுக்கான தோட்டுப் பெட்டியை மடியில் செருகி, சீர்த்தட்டைத் துணியில் முடிந்து கையில் பிடித்தபடி என் பின்னால் ஏறினார். கண்ணாடியில் பார்த்தேன். ஊர்வலத்துக்குத் தயாரான முகம்.

மேலே இருந்து கம்பளைக்கு இறங்கும் ரோடு முழுக்க வளைந்து திரும்பும் முடக்குகள். பாதி இறக்கத்தில், நான் கொஞ்சம் வேகமெடுத்து மூன்றாவதைப் போட்டேன். விழுந்தது. பின்னால் ஒரு திருப்தியான செருமல் கேட்டது. அடுத்த முடக்கில் 'டக்' என்றது. எஞ்சின் சும்மா அலறியது. சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில், எனக்கும் மச்சானுக்கும் இருந்த உறவுதான் மிச்சம். வண்டி பள்ளத்தில் தன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது.

ஒரு நிதானமான மனிதன் அப்போது பிரேக்கைப் பிடித்து, கிளட்சைப் பிடித்து, கீழ்க் கியருக்கு மாறியிருப்பான். நான் ஹார்னை அடித்தேன். எதிரில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆனாலும் விடாமல் அடித்தேன், பள்ளத்தை விலகச் சொல்வதுபோல. பிறகு எல்லாப் பிள்ளையாரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டு, கியர்க் கட்டையைக் காலால் மிதித்தேன், பாம்பை மிதிக்கிற மாதிரி.

பின்னாலிருந்து மச்சான் பேசினார். என்னிடம் அல்ல, பைக்கிடம். "சனியனே, ஒன்னாவதுக்குப் போ. ஒன் மேல உக்காந்திருக்கிறது ஒரு முண்டம்னு தெரியுதுல்ல, நீயாச்சும் புத்தியா போ."

'கடார்' என்று ஏதோ உடைந்த சத்தத்தோடு அது ஒன்றாவதில் விழுந்தது. மச்சானின் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் மோதியது. வேகம் குறைந்தது. நாங்கள் சாகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கியர் எந்தப் பக்கமும் அசைய மறுத்துவிட்டது. மேலே மிதித்தாலும் ஒன்றாவது, கீழே மிதித்தாலும் ஒன்றாவது.

நான் சொன்னது சரி என்று என் வாழ்க்கையில் நிரூபணமான நாள் அது ஒன்றுதான். அதைச் சொல்லிச் சிரிக்க முடியவில்லை. நேரத்துக்குப் போக வேண்டியவனும் நான்தான். மச்சானாலும் வாயைத் திறக்க முடியவில்லை, திறந்தால் கியரைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டு பேரும் அந்த அலறலைக் கேட்காத மாதிரி கம்பளையைக் கடந்தோம். ஒன்றாவது கியரில், அம்மியில் எலும்பை வைத்து அரைக்கிற சத்தத்தோடு, நடந்து போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற வேகத்தில். கெலிஓயாவில் ஒரு பஸ் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு ஹார்னாலேயே எங்களைத் திட்டியது. முந்தும்போது கண்டக்டர் வெளியே தொங்கிக்கொண்டு, "ஐயே, தல்லு கரன்னத?" என்று கேட்டான். தள்ளிவிடவா என்று அர்த்தம். சிங்களத்திலும் தள்ளுவதற்குத் தள்ளுதான். பின்னால் மச்சான் பல்லைக் கடிப்பது எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

எனக்கு ஒரு பயம்தான். எஞ்சின் நின்றுவிடக் கூடாது. அந்த வண்டியை உதைத்துக் கிளப்ப வேண்டுமானால் நியூட்ரல் வேண்டும். நமக்குத்தான் ஒன்றாவதைத் தவிர வேறு உலகம் இல்லையே.

பேராதனையில் ஆமிக்காரரின் சோதனைச் சாவடி. சண்டை நடந்த அந்த வருடங்களில் அதைத் தாண்டாமல் கண்டிக்குள் நுழைய முடியாது. கிளட்சை இறுக்கிப் பிடித்து நிறுத்தினேன். துவக்கோடு வந்த இளைஞன் எஞ்சினை நிறுத்தச் சொன்னான். நான் கெஞ்சுகிற மாதிரி பார்த்தேன். அவன் குனிந்து சாவியைத் தானே திருப்பினான். அமைதி வந்தது. என் மகளின் காது அந்த அமைதியில் ஆடி மாதத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். இருபது வருடம் சிங்களவர்களோடு ஒரே கந்தோரில் மேசை போட்டு வேலை செய்தவன் நான். காதுக்கு 'கன்', குத்த 'விதின்ன'. குழந்தைக்கும் தெரியும். ஆனால் பயத்தில், கல்லில் வரும் ககரத்துக்குப் பதிலாக கவர்மெண்டில் வரும் ககரம் வெளியே வந்துவிட்டது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதானே, யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆமிக்காரன் கண்டுகொண்டான். கவர்மெண்ட் ககரத்தில் 'கன்' என்றால் இங்கிலீஷ் துப்பாக்கி, அவன் கையில் இருப்பது. 'விதின்ன' என்றால் குத்தவும் செய்யலாம், எய்யவும் செய்யலாம். துவக்கால் சுடப் போகிறேன் என்று துவக்கு வைத்திருப்பவனிடமே பணிவாகச் சொல்லியிருக்கிறேன்.

அவன் இரண்டு அடி பின்னால் போனான். துவக்கு இரண்டு அடி முன்னால் வந்தது. சாவடிக்குள்ளிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். நான் திருத்திச் சொல்வதாக நினைத்து அதையே இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

மச்சான் சீர்த்தட்டை ரோட்டில் வைத்துவிட்டு, தன் இரண்டு காதையும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் காட்டினார். நானும் என் காதுகளைப் பிடித்தேன். போவது பிள்ளையார் கோயிலுக்கு. கைகள் வழக்கத்தில் குறுக்கே மாறிவிட்டன, முழங்கால்கள் தாமாக மடிந்துவிட்டன. கண்டி ரோட்டில், லொறிகள் பார்க்க, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் ஒன்றாகத் தோப்புக்கரணம் போட்டோம். மச்சான் தோட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஆமிக்காரர்கள் அதைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான், இன்னொருவன் சிரிக்கவில்லை. சிரிக்காதவன் சீர்த்தட்டின் லட்டுகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துவிட்டு, அடையாள அட்டைகளை வீசாத குறையாகத் தந்து, போகச் சொன்னான்.

போவதெப்படி? சிரித்தவன் கையை ஆட்டி, "தல்லு கரன்ன" என்றான்.

தலையில் தள்ளிவிட்ட மனிதர் சீர்த்தட்டைப் பெற்றோல் டாங்கியின் மேல் வைத்துவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். நான் கிளட்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தள்ளினார். ஓடினார். மூச்சு வாங்க, செருப்புத் தெறிக்க ஓடினார். வேகம் வந்ததும் கிளட்சை விட வேண்டும். எப்போது விடுவது என்று எனக்கு விளங்கவில்லை. மூளை இன்னும் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது. நல்ல வேளையாகக் கத்தினார், பைக்கிடம் அல்ல.

"விட்றா!"

விட்டேன். வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. இரண்டு வருடத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் சொல். அவர் ஓடி வந்து, தட்டை வாங்கிக்கொண்டு ஏறியதும், அந்த 'றா'வை நான் மறக்கப்போவதில்லை என்று பெற்றோல் டாங்கிக்குச் சொன்னேன். மறக்க வேண்டாம் என்று அவர் சீர்த்தட்டுக்குச் சொன்னார்.

கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குள் நாங்கள் நுழைந்தபோது ஐயர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையிலேயே வைத்திருந்தார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். ஆசாரி ஊசியோடு உட்கார்ந்தார். மச்சான் வேட்டியில் பெற்றோல் வாசமும் லட்டுத் தூளுமாகச் சம்மணம் போட்டு, மருமகளை மடியில் வாங்கினார். நேரம் இருந்தது, மயிரிழை அளவுக்கு.

பிள்ளையிடம் சொன்னார்: "ஒங்கப்பன்கிட்ட சொல்லு தங்கம், கியர் நல்லாத்தான் இருக்கு, ஓட்டத்தான் தெரியல." நான் பதிலுக்குப் பிள்ளையிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆசாரி குத்திவிட்டார். என் மகள் சரியாக ஒன்றாவது கியரின் சுருதியில் அலறி, கைக்கு எட்டியதைப் பிடித்தாள். எட்டியது மாமாவின் காது. காலையில் ரோட்டில் அவரே இழுத்த அதே காது. நகங்கள் பதிந்தன. ஒரு கையால் பிள்ளையைப் பிடித்து, மறு கையால் அவள் தலையை ஆசாரிக்குக் காட்டிக்கொண்டிருந்த மச்சானுக்கு விடுவித்துக்கொள்ள வழியில்லை. மற்றக் காது இன்னும் குத்தவில்லை. என் மனைவி ஐயருக்குத் தட்சணை எடுக்கப் போயிருந்தாள். பக்கத்தில் நான் மட்டும்தான்.

கண்ணில் நீர் முட்ட, நேராக என்னைப் பார்த்தார். "மாப்ள, கைய எடுத்து விடுங்க."

'றா' இல்லை. 'ங்க' இருந்தது. நான் குனிந்து, மகளின் கண்ணீரைத் துடைத்து, அவளிடமே கேட்டேன்.

"ஒங்க மாமா யார்கிட்டம்மா பேசுறாரு?"