காலை ரயிலும் கிணற்று எஞ்சினும்

டீசலில் நனைத்த துணி எரிகிற வாசம் எங்காவது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் வலது கை தானாக ஒரு லிவரைத் தேடும். மார்கழி விடியலில் எங்கள் கிணற்று மேட்டுக் கொட்டகையிலிருந்து அந்த வாசம்தான் முதலில் எழும். மலைக்கோயில் மணி, காக்காய் எல்லாம் அதற்குப் பிறகுதான். திருத்தணியில் அப்படி என்ன பெரிய குளிர் என்று பனிமலைக்காரர்கள் சிரிக்கலாம், சிரித்துவிட்டுப் போகட்டும். பாட்டிலில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைகிற குளிர் எங்களுக்குப் போதும். எஞ்சினுக்குள் இருக்கும் ஆயிலும் அப்படியே கெட்டியாகி, சுற்றிக் கிளப்புகிற ஹாண்டில் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிக்கும் எருமை மாதிரி நகர மறுக்கும்.

கிணறு ஒன்று, எஞ்சின் ஒன்று, பங்கு இரண்டு. ஒன்று என் நைனாவுக்கு, இன்னொன்று அவருடைய அண்ணனுக்கு, அதாவது என் பெரியப்பாவுக்கு. ஒருநாள் எங்கள் ‘முறை’, மறுநாள் அவர்கள் ‘முறை’. யார் முறையானாலும் அரக்கோணம் பக்கமிருந்து வரும் காலை ரயில் எங்கள் ஊர் ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடவில்லையென்றால் அன்றைய தண்ணீர் மற்றவருக்கு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதுமில்லை. அதிலும் பெரியப்பா படு கறார். நைனா ஒருநாள் சற்றுப் பொறுக்கச் சொன்னபோது, “ரயிலு உனுக்கோசரம் நிக்குமாடா?” என்று கேட்டுவிட்டுத் தன் டீசல் கேனைத் திறந்தவர் அவர்.

எனக்குப் பன்னிரண்டு வயதான மார்கழியில் அந்த ஹாண்டில் திருப்பி அடித்து நைனாவின் மணிக்கட்டை முறித்துவிட்டது. அன்றைய முறை போச்சு. அவர் புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்க, வயலில் நெல் பால் பிடிக்கிற நேரமாக இருந்தது. மண் வெடித்து, வெடிப்பில் என் கால் விரல் நுழைந்தது. இன்னொரு முறையும் போனால் கதிரெல்லாம் பதர், வருஷத்துச் சோறு போச்சு. “நான் சுத்தறேன்” என்றாள் அம்மா. நைனா சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. அம்மாவிடம் முடியாது என்று சொன்னவர்கள் யாரும் நன்றாகத் தூங்கியதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் அடுத்த முறையன்று இருட்டு கலையும் முன்பே நானும் அம்மாவும் மேட்டில் இருந்தோம். கிணற்றுக் குழாயின் அடி வால்வு ஒழுகாமலிருக்கச் சாணி கரைத்த தண்ணீரை ஊற்றினோம். எஞ்சின் மண்டைக்கு ஒரு குடம் வெந்நீர். காற்று இழுக்கும் வாயருகே எரியும் கந்தல். அம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஹாண்டிலைச் சுற்றினாள். வேகம் ஏறியதும் “உட்றீ!” என்றாள், நான் அதுவரை தூக்கிப் பிடித்திருந்த லிவரை விட்டேன். எஞ்சின் ‘டுப்’ என்று ஒரு இருமல் இருமி அடங்கிவிட்டது. மறுபடி சுற்றினாள், மறுபடி அதே இருமல்.

அதற்குள் பெரியப்பா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் டீசல் கேனோடு வரப்பில் வந்து குந்திவிட்டார்.

“இன்னாம்மா, எயுந்திரிக்க மாட்டேங்குதா?”

“அதெல்லாம் எயுந்துக்கும் பாவா. பனில குந்தாதீங்க, வூட்டுக்குப் போங்க.”

“ஆங், ரயிலப் பாத்துகினு போறேன்.”

நான்காவது தடவை சுற்றியபோது அம்மாவின் உள்ளங்கை கிழிந்து ஹாண்டிலில் ரத்தம் ஒட்டியது. தூரத்தில் ரயில் ஊதியது. பெரியப்பா கொட்டகைக் கூரையை அண்ணாந்து பார்த்து, “இருமுது, பொகைய மட்டும் காணமே” என்றார்.

நானும் அண்ணாந்து பார்த்தேன். முந்தைய நாள் நைனா, “எஞ்சினுக்குப் பனி இறங்கி சளி புடிச்சிகினு கீது” என்று விளையாட்டாகச் சொல்லியிருந்தார். புகைக் குழாயின் மேல் கவிழ்த்து வைக்கும் தகர டப்பாவும் காணாமல் போயிருந்தது. மகா புத்திசாலியான நான் சாயங்காலமே கூரையேறி, நைனாவின் மப்ளரைச் சுருட்டிக் குழாயின் வாயில் திணித்து வைத்திருந்தேன்.

“ம்மா, பைப்ப நான்தாம்மா அடைச்சிட்டேன்! மப்ளரு!”

“அடிப்பாவி!” என்று அம்மா கத்தும்போதே நான் கூரைமேல் இருந்தேன். ஈர மப்ளர் லேசில் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். அது கையோடு வந்த நேரம், ரயில் தடதடவென்று கேட்டைத் தாண்டியது. கடைசிப் பெட்டி வரைக்கும் என் கண்ணாலேயே பார்த்தேன். கீழே அம்மா ஹாண்டிலைக் கழற்றி வைத்துவிட்டு, “போங்க பாவா, இனிமே உங்க முறை” என்றாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. கூரைமேலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

பெரியப்பா எழுந்து வந்தார். ஹாண்டிலைப் பார்த்தார், அம்மாவின் கையைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து அவளிடம் நீட்டினார்.

“கைல சுத்திக்கோ. சுத்திகினு இன்னொரு தபா போடு.”

“ரயிலு போய்டுச்சே பாவா.”

“எந்த ரயிலு? எனுக்கு ஒண்ணும் கேக்கலியே.”

அம்மா சுற்றினாள். நான் குதித்து வந்து லிவரை விட்டேன். எஞ்சின் ஒரே உதறலில் எழுந்து, கம்பளி நூல் கருகிய புகையைக் கக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. இருட்டும்வரை அதை நிற்க விடாமல் ஓட்டினோம். மூன்று தடவை ஓடிக்கொண்டிருக்கும்போதே டீசல் ஊற்றினோம். நெல் பிழைத்தது. நைனா அந்த ஓட்டை மப்ளரையே இரண்டு வருஷம் கட்டிக்கொண்டு திரிந்தார்.

அந்த எஞ்சின் பழைய இரும்புக்குப் போய் வெகுகாலமாயிற்று. கொட்டகையில் இப்போது டீசல் வாசமில்லை, வெந்நீர்க் குடமில்லை. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். பச்சைப் பட்டனை அமுக்கினால் கரண்டு மோட்டார் ஓடுகிறது, யார் கையும் முறிவதில்லை. நைனா பங்கை இப்போது நான்தான் பயிர் வைக்கிறேன். ரயில் கணக்கு மட்டும் மாறவில்லை.

போன மார்கழியில் ஒருநாள், பெரியப்பாவின் முறை. எண்பதைத் தாண்டிய மனிதர், முட்டிவலியோடு கோலூன்றி வரப்பில் வந்துகொண்டிருந்தார். பாதி வழியில் இருக்கும்போதே ரயில் போய்விட்டது. காது மந்தமாகிவிட்டதால் அவருக்குச் சந்தேகம். கொட்டகைக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, அங்கே நின்றிருந்த என்னைக் கேட்டார்.

“ரயிலு போய்டுச்சா பாப்பா?”

“எந்த ரயிலு பெரியப்பா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே.”

என் முகத்தைப் பார்த்தார். பிறகு பொக்கை வாயெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு, பட்டனை அமுக்கினார்.