தறிக்கு அடியில் வெந்நீர் போட்ட என் கணவர்

இன்று காலை இங்கே ஒரு தம்பி, ‘வாடகை வீட்டில் கீசர் செலவைக் குறைக்கப் பத்து வழிகள்’ என்று போஸ்ட் போட்டிருந்தார்.

பத்தா! ஒரே வழியில் தெருவையே அலற வைத்தவர் என் கணவர்!

எழுபதுகளின் ஆரம்பம். காஞ்சிபுரம். அவர் பஸ் கம்பெனியில் கிளார்க். (சிக்கனத்தில் கலெக்டர்.) ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். முன்கூடத்தில் வீட்டு ஓனர் பட்டுத் தறி நெய்வார்.

தென்னேரியில் அம்மா வீட்டில் பிரசவம் முடிந்து, மூன்று மாதப் பெண் குழந்தையோடு நான் திரும்பியது சரியாக மார்கழியில். என் டைமிங் அப்படி!

குழந்தைக்கு நெஞ்சு முழுக்கச் சளி. பச்சைத் தண்ணீர் பட்டாலே உதடு நீலம் பாரித்துவிடும்.

ஆனால் விறகு எரிக்கக் கூடாது என்பது ஓனர் சட்டம்.

“பொகை பட்டா ஜரிகை கறுத்துப் பூடும்மா. அப்புறம் அந்தப் பொடவைய நீ கட்டிக்கினு போவியா?”

(அவர் குளிக்க மட்டும் கொல்லையில் தினமும் விறகு எரியும். அது நல்ல புகை போலிருக்கிறது!)

மண்ணெண்ணெய் ரேஷனில் வருவது சமையலுக்கே இழுபறி.

“கரியாவது வாங்கினு வாங்களேன்” என்றேன்.

“கரி விக்கற வெலைக்கு வெந்நீரா? தண்ணிய வெயில்ல வெச்சுப் பாரு.”

வைத்தேன். பதினோரு மணிக்கு ஒரு காக்கா வந்து அதில் குளித்தது. அதுவும் நடுங்கிக்கொண்டேதான் போனது.

இப்போது தறி விஷயம். பனிக்காலத்தில் பாவு, அதாவது தறியில் நீளமாகக் கட்டிய பட்டு இழைகள், ஈரக் காற்றில் நமுத்துவிடும். அதனால் ஓனர் விடிகாலையில் பாவுக்கு அடியில் ஒரு சட்டி நிறையக் கரி நெருப்பு வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவார். திரும்புவதற்குள் இழை காய்ந்துவிடும்.

அது என் கணவர் கண்ணில் பட்டது.

“எவ்ளோ சூடு வீணாப் போவுது பாரு!”

ஓனர் தெருமுனை தாண்டியதும் தவலையில் தண்ணீரை நிரப்பி அந்த நெருப்பின் மேல் ஏற்றிவிட்டார்.

தண்ணீர் அருமையாகக் கொதித்தது. ஆவியும் அருமையாக மேலே போய்ப் பாவில் குடியேறியது. தையில் ஒரு கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய முகூர்த்தப் புடவை அது!

ஓனர் வந்து தறியில் உட்கார்ந்து மிதித்தார். ஒட்டிக்கொண்ட இழைகள் பட் பட்டென்று அறுந்தன.

“யோவ் கிளார்க்கு! இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கே? பாவு பூரா நனைஞ்சு இருக்குது!”

“மூடி போட்டுத்தான் சார் வெச்சேன்.” (அந்த மூடி எங்கள் சமையலறையில் இருந்தது.)

“பொங்கலுக்குள்ள வீட்ட காலி பண்ணு!”

இருமுகிற கைக்குழந்தையோடு போய் நின்றால் யார் வீடு தருவார்கள்? அழுதேவிட்டேன்.

அறுந்த இழைகளுக்கு முடிச்சுப் போட உட்கார்ந்த ஓனர் மனைவி, தலை நிமிராமலே பேசினார்.

“இன்னாங்க, நம்ம கொல்லையில தெனம் ஒரு அண்டா கொதிக்குது. அதுல ரெண்டு சொம்பு அந்தக் கொழந்தைக்குக் குடுத்திருந்தா இவரு இங்க வந்திருப்பாரா? இவங்கள வெரட்டிட்டு, அடுத்து வர்றவன் இங்க இட்லி வேக வெச்சா இன்னா பண்ணுவீங்க?”

ஓனரும் கூட உட்கார்ந்து அரை நாள் முடிச்சுப் போட்டார். (முடிச்சுகள் அவ்வளவு இருந்தன.) சாயங்காலம் என்னிடம் வந்து தீர்ப்பு சொன்னார்.

“விடிஞ்சா ஒரு தவலை சுடுதண்ணி உங்க வாசப்படிக்கு வரும்மா. உம் புருஷன் மட்டும் தறிப் பக்கமே தலை வெச்சுப் படுக்கக் கூடாது, ஆமா!”

மறுநாளே வந்தது. முதல் சொம்பு முதுகில் பட்டதும் என் மகள் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். நிம்மதியில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போது பார்த்துப் பின்னால் ஒரு குரல்!

“பாத்தியா, ஒரு பைசா செலவில்லாம எப்படி முடிச்சேன்! மிச்சம் இருக்குதா? நானும் குளிச்சிடறேன்.”

மிச்சம் மொத்தத்தையும் அப்படியே என் தலையில் ஊற்றிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுத் துரை அந்தக் குளிர்காலம் முழுக்கப் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார். சிக்கனம் முக்கியம் இல்லையா!

நான் செய்தது தப்பா, நீங்களே சொல்லுங்கள் மக்களே! (பக்கத்தில் உட்கார்ந்து ‘ஆமா, தப்புதான்’ என்கிறார் ஒருவர். அந்த ஓட்டு செல்லாது.)