அக்காவிடம் சொல்லாத அலுமினியம்

பள்ளிப் பேருந்து ஓட்டும் சின்னவளுக்கு வயது ஐம்பத்து நாலு. அவளும் அக்காவும் சேர்ந்து வாங்கிய குட்டிப் படகு வாசலிலேயே கிடந்தது. அதைச் சுமந்த பழைய டிரெய்லரின் அச்சை உப்புத் தண்ணீர் தின்று தீர்த்திருந்தது. அக்கா ஐம்பத்தேழு வயதில் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊர் போய் இரண்டு வருஷம். "லேட்டானாலும் பஸ்ஸப் பிடிச்சிட்டேன் பாத்தியாடி" என்று மாலையும் கழுத்துமாகச் சிரித்தவள், அப்புறம் ஒரு விடுமுறைக்கும் வரவில்லை. தனியாளாக அசைக்க முடியாத படகும் தண்ணீரைப் பார்க்கவில்லை.

போனில் மட்டும் கட்டளை வரும். "புது டிரெய்லர் கால்வனைஸ்டு இரும்புலயே வாங்கு, துத்தநாகம் பூசினது. கனம்தான், ஆனா கெட்டி. லீவுக்கு வந்து நான் முன்னாடி இழுக்கறேன், நீ பின்னாடி தள்ளு."

கடையில் இரும்பு டிரெய்லரும் அலுமினிய டிரெய்லரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"இரும்பு விலை கம்மி, முரட்டு உடம்புக்கா. அலுமினியம் லேசு. எதுவானாலும் கடல்ல இறக்கி ஏத்தினதும் நல்ல தண்ணியில கழுவிடணும். தள்ளிப் பாருங்க" என்றார் கடைக்காரர்.

சின்னவள் இரும்பு டிரெய்லரின் பின்னால் போய் இடது மூலையில் கை வைத்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"யாராவது வரணுமாக்கா?"

அப்போதுதான் உறைத்தது. முன்பக்கமிருந்து "ம், தள்ளு" என்று குரல் வருமென்று காத்திருக்கிறாள். இருபது வருஷப் பழக்கம். தானே தள்ளினாள். வண்டி ஒரு முழம் நகர்ந்து முரண்டு பிடித்தது.

அலுமினியத்தின் முன்னால் போய்க் கைப்பிடியைத் தூக்கினாள். கூப்பிட்டதும் எழுந்து வருவதுபோல அது பின்னாலேயே வந்தது. இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே என்று கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்தாள்.

"ஒத்தையாளுக்கு இதுதான் சரி."

"ஒத்தையாளுன்னு நான் சொன்னேனா?"

"சொல்லலக்கா."

"பில்லப் போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை தனியாகவே படகை இறக்கினாள், சுற்றினாள், ஏற்றி வந்தாள். வாசலில் குழாய் பிடித்து டிரெய்லரைக் கழுவும்போது போன் அடித்தது.

"எதுடி வாங்கின?"

"கால்வனைஸ்டு."

"அதானே, நான் சொன்னா தட்டமாட்ட. ஒத்தையா இழுத்து இடுப்ப ஒடிச்சுக்காத. இந்த லீவுக்குக் கண்டிப்பா வரேன்."

"வாக்கா. தொடாமதான் வச்சிருக்கேன்."

"என்ன தண்ணி சத்தம்?"

சின்னவள் குழாயைத் தாழ்த்திப் பிடித்தாள். உப்பு கரைந்து அலுமினியச் சட்டத்தில் வழிந்தது.

"செடிக்கு ஊத்தறேன்."

"நம்ம வீட்ல ஏதுடி செடி?"

"நீ போனப்புறம் வச்சேன்க்கா."