ஊர் நேரத்தில் சார்ஜாவிலிருந்து தென்காசிக்கு

சார்ஜாவில் மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். அங்கே மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். கைக்கடிகாரத்தை மட்டும் நான் மாற்றவில்லை, ஊர் நேரமே காட்டட்டும் என்று விட்டுவிட்டேன். இது தென்காசியில் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். தப்பு அதனால்தான் வந்தது.

விடியற்காலையில் போன். அண்ணன் மௌத்து, இன்றைக்கே அடக்கம். "ஒம்பது மணிக்கு ஏறுதேன், நாலு மணி நேரத்துல எறங்கிருவேன்" என்று அண்ணன் மகன் பீரிடம் சொன்னேன். அது டிக்கெட்டில் இருந்த சார்ஜா நேரம். சாச்சா சொன்னால் ஊர் நேரம்தான் என்று அவன் எடுத்துக்கொண்டான். மூன்று பிடி மண் நான் போடாமல் குழியை மூடக்கூடாது என்றும் சொல்லியிருந்தேன். அண்ணனும் நானும் இளந்தாரிகளாக இருந்தபோதே பேசிவைத்தது.

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கடையநல்லூர். "திருவனந்தபுரம் மூவாயிரம் கிலோமீட்டரு இருக்கும் மாமா. கண்ண மூடித் தொறந்தா வந்துரும்" என்றார். நான் மூடவேயில்லை.

பகல் இரண்டரைக்கு இறங்கி, மூன்றேகாலுக்கு வெளியே வந்தேன். பீர் அனுப்பிய டிரைவர் சுடலை ஒரு மணியிலிருந்து நிற்கிறார். வாடகை நாலாயிரத்து ஐந்நூறு, தென்காசிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல்.

"பிளேன் லேட்டோ அண்ணாச்சி?"

"பிளேன் சரியாத்தான் வந்துது. என் வாய்தான் முந்திட்டு."

அவர் போனில் பீர் பதறினான். "சாச்சா, இங்கன ஒரே மழை. குழில தண்ணி ஊறுது. முடிஞ்ச மட்டும் நிறுத்திப் பாக்கேன்."

தென்மலைக் காட்டுக்குள் போனதும் போன் செத்துவிட்டது. ஆரியங்காவில் பகலிலேயே விளக்குப் போட்டுத்தான் வண்டி ஓடியது. செங்கோட்டை தாண்டி ரோட்டில் மரம் விழுந்து கிடந்ததால் குற்றாலம் வழியாகத் திரும்பினோம்.

சாரல் காலத்தில் அண்ணனும் நானும் தென்காசியிலிருந்து நடந்தே இங்கே வருவோம். குளித்தபின் அண்ணன் தலை துவட்டமாட்டார். துண்டு தோளில் சும்மா கிடக்கும். "வீடு போய்ச் சேருததுக்குள்ள காத்து தொவட்டிரும்லே" என்பார்.

அன்று பேரருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. கடைவீதியில் ஆளில்லை. எண்ணெய் தேய்க்கிறவர்கள் மட்டும் பாட்டில்களை முன்னால் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வளைவில் ஒரு வயசாளி கைகாட்டினார். சுடலை வண்டியை நிறுத்தினார். அருவி இரைச்சலில் பேச்சு கேட்காது. அந்த ஆள் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். நான் என் கடிகாரத்தைப் பார்த்து "ஆறே கால்" என்றேன். சுடலை கண்ணாடியை இறக்கி அதையே சத்தமாகச் சொன்னார். வயசாளி தலையாட்டினார். என் பக்கக் கதவருகே வந்து கொஞ்சம் நின்றார். கண்ணாடி முழுக்க ஆவி, முகம் தெரியவில்லை.

"போலாம் சுடலை, நேரமாவுது."

வண்டி நகர்ந்ததும் சுடலை சிரித்தார். "தோள்ல துண்டு கெடக்கு, தலையில தண்ணி சொட்டுது. தொவட்டுனா என்னவாம் அந்த மனுசனுக்கு?"

திரும்பிப் பார்த்தேன். சாரல்தான் இருந்தது.

மையவாடி வாசலில் பீர் முழங்கால்வரை சேற்றோடு நின்றான். "நிறுத்த முடியல சாச்சா. ஆறே காலுக்கு மண்ணு தள்ளிட்டோம்." எனக்கென்று மூன்று பிடியை ஓலைப்பெட்டியில் எடுத்து வைத்திருந்தான். மூடிய குழியின் மேல் போட்டேன்.

மூவாயிரம் கிலோமீட்டரை நாலு மணி நேரத்தில் கடந்துவிட்டேன். குற்றாலத்தில் எனக்கும் அந்த ஆளுக்கும் நடுவே இருந்தது ஒரு முழம். அண்ணனைப் பார்க்க நேரமாகிவிடுமே என்றுதான் கதவைத் திறக்காமல் வந்தேன்.