தம்பிக்கான அறை

வாடகை வீட்டுச் சுவரில் துளை போடுவதற்கு நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அதை மீறினால் முதலில் என்ன கடிதம் வரும், அதற்கும் அடங்காவிட்டால் என்ன கடிதம் வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நகரசபையின் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் யாருக்கு எந்த அலுவலகத்தில் சிக்கல் என்றாலும் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். அப்படிப்பட்டவளின் கணவர், ஊரில் போர் முடிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டதற்கு அடுத்த மாதம், யாரிடமும் கேளாமல் கொங்கிறீற்றுச் சுவரில் துளை போடத் தொடங்கினார்.

துணி தொங்கவிடுவதற்காக.

கலியாணமான புதிதில் நாங்கள் நைஜீரியாவின் வடக்கில் இருந்தோம். அவர் அங்கே கணித ஆசிரியர். எங்களைப் போல அங்கே போன மற்ற யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் சம்பளத்தைச் சேர்த்து ஊரில் காணி வாங்கினார்கள். இவர் சந்தைக்குப் போய்த் துணி வாங்கினார். மரவள்ளிக் கஞ்சியால் கோலம் எழுதி அவுரிச் சாயத்தில் தோய்த்த நீலத் துணிகள், ஒரு சாண் அகலப் பட்டைகளாக நெய்து பிறகு பக்கம் பக்கமாகத் தைத்த கனத்த சால்வைகள், செதுக்கிய சுரைக்குடுவைகள், மர முகமூடிகள், ஆட்டுத்தோலில் தைத்த உருண்டை இருக்கைகள். மரத்து முள்ளில் செதுக்கிய விரல் உயர மனிதர்களும் உண்டு. அவர்களில் ஒருத்தி மா இடிப்பாள், ஒருவன் ஓடம் வலிப்பான். காணி வாங்கியவர்களின் காணிகள் பிறகு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டன. எங்கள் சுரைக்குடுவைகள் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தன. முதலீடு பற்றி அவரோடு நான் வாதாடுவதை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவற்றைப் பழகக் கொஞ்சக் காலம் எடுத்தது. ஒருமுறை ஒரு அன்ரி என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் காதுக்குள் கேட்டார்:

"பிள்ளை, உதுகள் செய்வினைச் சாமான் இல்லையே?"

"இல்லை அன்ரி. வடிவுக்கு வைச்சிருக்கிறம்."

"அப்ப ஏன் உந்த மரமூஞ்சி என்னையே பாத்துக்கொண்டிருக்கு?"

சோபாவுக்கு மேலே, வரவேற்பறையின் நடுச்சுவரில், இவர் மிகவும் மதித்த துணி தொங்கியது. கடும் செம்மண் நிறம். அதன்மேல் கறுப்பு மையில் கட்டம் கட்டமாக அச்சுக் குத்தியிருந்தது. அது நைஜீரியாத் துணி அல்ல. இவரோடு படிப்பித்த கானா நாட்டுக்காரர் ஒருவர் கொடுத்தது. கானாக்காரர்கள் எல்லோரையும் நாட்டைவிட்டுப் போகச் சொல்லி அரசாங்கம் உத்தரவிட்டபோது அந்த மனிதரும் லொறியில் ஏறினார். பை பூட்டுப்படவில்லை. மேலாகக் கிடந்ததை இழுத்து இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். விளக்கம் சொல்ல அவருக்கு நேரம் இருக்கவில்லை. அந்தத் துணியின் முன்னால் நிறுத்தித்தான் எங்கள் மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் படம் எடுத்தோம். அவளுடைய நிச்சயதார்த்தப் படத்திலும் பின்னணி அதுதான்.

இவருக்கு ஒரே ஒரு தம்பி. கலியாணம் கட்டாதவர், வன்னியில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளர். போர் முடிந்த அந்த வருடம், மாசி மாதத்தில் எங்கிருந்தோ வரிசையில் நின்று ரெலிபோன் எடுத்தார். இரண்டு நிமிடத்துக்கு மேல் கதைக்க விடவில்லை. ஷெல் சத்தம் எங்களுக்கே கேட்டது. அவர் கேட்டதோ, "அண்ணை, அங்க இப்பவும் பனி கொட்டுதோ?" என்று. இவர் "ஓம், முழங்காலளவு" என்று தொடங்கி, பனியை வழிக்கும் விதத்தை விளக்கிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு அழைப்பு இல்லை.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. முகாம்களில் இருக்கிறவர்களின் பெயர்கள் கையிலிருந்து கைக்கு வந்தன. காணாமற்போனவர்களைத் தேட யாருக்கு எழுத வேண்டும், எந்தத் தகவலைத் தலைப்பில் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் எழுதினேன். பதில்கள் மிகவும் மரியாதையாக வந்தன. பிறகு ஒரு காலை முகாமிலிருந்து ஒருவன் அழைத்தான். தம்பியின் கடையில் வேலை செய்தவனாம். இவர் நின்றபடியே நெடுநேரம் கேட்டார். வைத்துவிட்டுத் திரும்பினார்.

"என்னவாம்?"

"செத்துப்போனானாம். ஆளை மாறிச் சொல்லுறான்."

அன்று மத்தியானமே கடைக்குப் போய் ஒரு துளைக்கருவியும் திரைச்சீலைக் கம்பிகளும் வாங்கி வந்தார்.

மகள் கலியாணம் கட்டி ஸ்ரௌவ்வில் நகருக்குப் போன பிறகு அவளுடைய அறை சும்மா கிடந்தது. தகரப் பெட்டியிலிருந்து இவ்வளவு காலமும் வெளியே எடுக்காத துணிகளை எல்லாம் எடுத்து அந்த அறையில் தொங்கவிட்டார். கூரையிலிருந்து நிலம் வரை நீலம். "இந்த நாட்டுச் சுவர் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி. தம்பி வந்து கண் முழிக்கேக்க பயந்துபோவான்" என்றார். முள்மனிதர்களைக் கட்டிலோரம் வரிசையாக வைத்தார். உடன்பிறந்தவரை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட முடியாது, அதற்குள்ள விதிவிலக்கு எங்களுக்குப் பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். ஒரு நடைமுறையைத் தெரிந்துவைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்த அறையை நான் தவிர்க்கத் தொடங்கினேன். காற்று வரும் துவாரம் கட்டிலுக்குப் பின்னால் இருந்தது. அது வேலை செய்யத் தொடங்கும்போது துணிகள் ஒன்றன்பின் ஒன்றாக உப்பி, ஒரு ஆள் உயரத்துக்குப் புடைத்து, பிறகு அடங்கும். யாரோ சுவருக்கும் துணிக்கும் இடையில் பக்கவாட்டாக நடந்துபோவது போல இருக்கும். உடுப்புக் கூடையோடு உள்ளே போகிற நான், "கொஞ்சம் விலகுங்கோ" என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்தேன். பழைய அவுரியின் வாசம் வீடெல்லாம் பரவியது. ஈர மண்ணும் புகையும் கலந்த வாசம்.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. எங்கள் வழக்கத்தில் செத்த வீட்டில் அலங்காரங்களைக் கழற்றுவார்கள், படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்புவார்கள். நகரின் மறுகோடியில் இருக்கும் மல்வேர்னிலிருந்து என் ஒன்றுவிட்ட தம்பியும் மனைவியும் வெள்ளை உடுத்துத் துக்கம் விசாரிக்க வந்தபோது, இவர் ஏணியில் நின்றார்.

"வாடாப்பா. உந்த நுனியைப் பிடி" என்றார்.

துக்கம் விசாரிக்க வந்தவன் துணியின் நுனியைப் பிடித்தான்.

"அத்தான், நாங்கள் கேள்விப்பட்டு..."

"என்ன கேள்விப்பட்டனீ?"

"முகாமில இருந்து ஆரோ ரெலிபோன் எடுத்தவங்களாம்."

"எடுத்தவன். ஆள் மாறி எடுத்தவன். நல்லா இழுத்துப் பிடி, தொய்யுது."

குசினியில் அவன் மனைவி என்னிடம் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, எல்லாற்ற வீட்டிலயும் ஆரோ ஒரு ஆள் போயிட்டுது. நீங்கள் கலியாண வீடு மாதிரிச் சோடிக்கிறியள். சனம் என்ன சொல்லும்?"

"சொல்லுற சனத்தை வரச் சொல்லும். ஏணி பிடிக்க ஆள் காணாது."

சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தேத்தண்ணி குடிக்காமலே போனார்கள். ஒரு பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு அது இல்லையென்று சொல்கிற வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். அதன்பிறகு வேறு யாரும் வரவில்லை. இவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மனிதர் அழவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை, நாளுக்கு ஒரு கம்பி பூட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சாவை இவர் ஏற்றுக்கொள்ளாவிட்டால், தம்பியோடு சேர்ந்து இவரும் அந்தத் துணிகளுக்குப் பின்னால் போய்விடுவார் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை ஒரு மத்தியானம், துளைக்கருவி அலறிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. கீழ்த்தளத்துப் பெண்மணி. கானா நாட்டவர், ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் தாதி. லிஃப்ற்றில் காலநிலை பற்றிக் கதைத்ததைத் தவிர எங்களுக்குள் பழக்கம் இல்லை. தலையில் உறக்கத் தொப்பி, மேலே வீட்டு அங்கி, கண்களில் மூன்று நாள் தூக்கமின்மை. நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்.

"இந்த நகரசபை எங்களுக்குத் தராத சுரங்க ரயிலை உங்கள் வீட்டிலிருந்து தோண்டுகிறீர்களா?" என்று கேட்டார்.

நான் மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். முறைப்பாடு எழுதினால் எத்தனை நாளில் நடவடிக்கை வரும் என்றும் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். ஆனால் அவர் என்னைத் தாண்டிச் சோபாவுக்கு மேலே பார்த்தார். முகம் மாறியது. அங்கியை இழுத்து மூடிக்கொண்டார்.

"மன்னித்துவிடுங்கள். எனக்குத் தெரியாது. யாரை இழந்தீர்கள்?"

எனக்கு விளங்கவில்லை. நான் விழிப்பதைப் பார்த்து அவர் துணியைக் காட்டினார். "எங்கள் ஆட்களிடம் அது துக்கத்துக்கு உடுக்கிற துணி. அந்த நிறத்தையும் கறுப்பையும் சேர்த்து யாரும் சும்மா சுவரில் போடமாட்டோம்."

மகளின் பிறந்தநாள்கள், நிச்சயதார்த்தம், நாங்கள் அந்தத் துணிக்குக் கீழே உண்ட விருந்துகள் எல்லாம் எனக்கு ஒரேயடியாக நினைவு வந்தன. ஏதாவது கேலியாகச் சொல்லிச் சமாளித்திருப்பேன். அதற்குள் துளைக்கருவி நின்றுவிட்டது. இவர் அறை வாசலில் நின்றார். தலைமயிரெல்லாம் கொங்கிறீற்றுத் தூள். கேட்டிருக்கிறார்.

கருவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"என் தம்பி" என்றார்.

யாழ்ப்பாணத்தார் யாரிடமும் சொல்லாததை, என்னிடமும் சொல்லாததை, பெயர் தெரியாத ஒரு பெண்ணிடம் இரவல் மொழியில் சொன்னார். தமிழில் அது வந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தப் பெண்மணி அனுமதி கேட்காமலே உள்ளே வந்து தோல் இருக்கையில் உட்கார்ந்தார். "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார். எங்கள் ஆட்கள் யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. இவர் சொன்னார். கணக்கில் புலி என்றார். சைக்கிளில் கையை விட்டு ஓடுவான் என்றார். கடையில் கடன் கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லத் தெரியாதவன் என்றார்.

"எந்த மண்ணில் வைத்தீர்கள்?"

"நாங்கள் வைக்கவில்லை. ஒரு வெட்டை வெளியில். அவனோடு வேலை செய்தவன் மண் போட்டிருக்கிறான். முகத்தை மூட ஒன்றும் இல்லாமல் தான் உடுத்திருந்த சாரத்தை அவிழ்த்து மூடினானாம். நீலச் சாரம்."

முகாமிலிருந்து வந்த அந்த அழைப்பில் சொல்லப்பட்டதை அன்றுதான் நான் முதல்முறை கேட்டேன். திறந்திருந்த கதவினூடாக அறைக்குள் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

"எந்த நாள்?" என்றார் தாதி.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையைக் கொள்ளலாம் என்று எனக்குத் தெரியும். எந்த ஐயரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார் என்றும் தெரியும். சொல்ல வாயெடுத்தேன்.

"இன்று" என்றார் இவர்.

நான் அந்தப் பெண்மணியைப் பார்த்தேன், திருத்துவாரோ என்று. அவர் தலையசைத்தார். "ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். மூச்சு நின்ற நேரத்தை நாங்கள் எழுதுவதில்லை. ஒருவர் வந்து பார்த்து, வாயால் சொல்லும் நேரத்தைத்தான் எழுதுகிறோம்." எழுந்தார். "வேலைக்குப் போகுமுன் வருகிறேன்."

அவர் போன பிறகு இவர் அறைக்குள் போய் ஏணியில் ஏறித் துணிகளைக் கழற்றினார். நான் கீழே நின்று வாங்கி வாங்கி மடித்தேன். செம்மண் துணியைத் தொடவில்லை. அது ஏற்கெனவே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மல்வேர்னில் ஒன்றுவிட்ட தம்பிக்கு ரெலிபோன் எடுத்து, "வாங்கோ" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

பின்னேரம் வீடு நிறைந்தது. அந்த வெள்ளைச் சேலைகளின் நடுவில் கறுப்பும் சிவப்புமாக உடுத்த தாதி வந்து உட்கார்ந்தபோது, ஒருத்தி என்னை இடித்தாள். "அக்கா, உவ ஆர்?"

"எங்கட ஆள்" என்றேன். வேறு விளக்கம் தர எனக்கும் நேரம் இருக்கவில்லை.

இவர் கதிரையில் இருந்தபடி வருகிற ஒவ்வொருவருக்கும் அதே கதையைச் சொன்னார், இப்போது தமிழில். ஒவ்வொரு முறையும் சாரத்தில் வந்து குரல் நின்றது. ஒவ்வொரு முறையும் யாராவது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் ஒன்றுவிட்ட தம்பி அன்று தேத்தண்ணி குடித்தான்.

கடைசி ஆட்களும் வெளிக்கிட்ட பிறகு கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இஞ்ச பாரும்" என்றார். "கதவுச் சங்கிலியைப் போடும்."

கதவடிக்குப் போனபோதுதான் புரிந்தது. அந்தக் கிழமைகள் முழுவதும் சங்கிலி தொங்கியபடியே கிடந்திருக்கிறது. நான் போடுகிறபோதெல்லாம் இவர் பின்னால் வந்து கழற்றியிருக்கிறார். சங்கிலியை எடுத்துக் கொழுவினேன். அந்த நேரம் பார்த்து லிஃப்ற் எங்கள் தளத்தில் நின்று திறந்தது. காலடிகள், ஒரு ஆளுடையவை, விறாந்தையில் எங்கள் பக்கமாக வந்தன. இவர் கதிரையிலிருந்து பாதி எழும்பினார். என் கை சங்கிலியிலேயே இருந்தது. கழற்றவா என்று நான் கேட்கவில்லை, வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை. காலடிகள் எங்கள் கதவைத் தாண்டிப் போய், விறாந்தையின் கடைசியில் ஒரு பூட்டில் திறப்பு திரும்பும் சத்தம் கேட்கும் வரை, இருவரும் அப்படியே இருந்தோம்.