மொத்த வூடும் தெரியணும்

திருவிடந்தையில் சாலையோரம் மீன் விற்கும் அக்காவோடு எனக்கு மூன்று வருடப் பழக்கம். சிறுசேரியில் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைதான் கேமராவைக் கையில் எடுப்பேன். ஒரு ஞாயிறு அவர் தன் புது வீட்டுக்குக் கூப்பிட்டார். கணவர் இறந்தபின் மீன் விற்றே எழுப்பிய ஒற்றை அறை வீடு. பொம்பளையால் ஆகாது என்று கொழுந்தன்மார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

படம் எடுக்க வாசலில் நிற்கச் சொன்னேன். அவர் நகரவில்லை.

"வெளிய நிக்க வச்சி எல்லாருந்தான் எடுத்துக்கினு போறாங்க. நீ உள்ள எடும்மா. மொத்த வூடும் தெரியணும்."

என்னிடம் இருந்தது குறுகலாகப் பிடிக்கும் ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்றுதான். சுவரோடு முதுகை ஒட்டி நின்றும் அவர் முகமும் பாதி அலமாரியும்தான் வந்தன. போனில் எடுத்ததைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடைந்தது.

செங்கல்பட்டில் நான் போய்வரும் புகைப்படக் குழுவில் யோசனை கேட்டேன். அகலமாகப் பிடிக்கும் வைட் லென்ஸ் மலிவானதென்றால் ஓரங்கள் மங்கும், ஒரு வருடம் பொறுத்து நல்லதாக வாங்கு என்றார்கள். வைடில் ஆளை எடுத்தால் முகம் இழுத்துக்கொள்ளும் என்றார் குழுவை நடத்துபவர். எதை எடுக்கப்போகிறேன் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பழைய கேமராக் கடைக்குப் போனேன். என் காசுக்கு எட்டியது ஒரு பன்னிரண்டு எம்.எம். வைட் லென்ஸ், ஆட்டோஃபோகஸ் கிடையாது, கையால்தான் திருப்ப வேண்டும். கடையின் அலமாரிகளையே எடுத்துப் பார்த்தேன். மூலைகள் மங்கத்தான் செய்தன. வெளிச்சம் நுழையும் லென்ஸ் துளையைச் சுருக்கியதும் பெரும்பாலும் தெளிந்தன. வீடு எங்கே ஓடப்போகிறது, கையால் திருப்பினால் என்ன? வாங்கிவிட்டேன்.

ஒரு வாரம் என் வீட்டிலேயே பழகினேன். கேமராவைச் சாய்த்தால் படத்தில் சுவர் சாய்ந்து விழுகிறது, ஓரத்தில் உட்கார்ந்தால் ஆள் நீள்கிறார். ஆக, அடுத்த ஞாயிறு அக்காவை அவர் வீட்டு நடுவில் தரையில் உட்காரவைத்து, ட்ரைபாடை அவர் நெஞ்சு உயரத்துக்கு இறக்கி, கதவு வெளிச்சத்தில் எடுத்தேன்.

கேமராத் திரையில் மின்விசிறி, அடுப்பு, சுவிட்சு போர்டு, ஜன்னலுக்கு அப்பால் கடல் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார்.

"எல்லாம் கீது. என் கொழுந்தனுங்க வந்து பாக்கட்டும்."

குழுவில் காட்டினேன். நடத்துபவர் இடது மூலையைப் பெரிதாக்கி, பொறுத்திருந்தால் இது கூர்மையாக வந்திருக்கும் என்றார்.

"நடுவுல ஒருத்தங்க உக்காந்திருக்காங்க சார். அவங்களப் பாத்தீங்களா?" என்றேன்.

குழுவின் அந்த வருடக் கண்காட்சியில் என் படம் இல்லை. நானே பெரிதாக அச்சடித்து அக்கா வீட்டில் மாட்டினேன், உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும் சுவரில். அதைப் பார்த்துவிட்டு அக்காவின் மீனவர் குப்பத்தில் இன்னும் நான்கு பெண்கள் தங்கள் வீட்டுக்குள் எடுக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதே லென்சோடுதான் போனேன். குழுவில் யாரிடமும் யோசனை கேட்கவில்லை.