பஞ்சுவின் பிரசாதம்

மலேசியாவின் கூலாயில் எங்கள் பக்கத்து வீட்டு ரூபாவதி அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. பஞ்சு என்ற முயல்தான் எல்லாம். வெள்ளிக்கிழமைதோறும் சாமிக்குப் படைக்கும் வாழைப்பழத்தில் அதற்கும் ஒரு துண்டு உண்டு. அக்கா தான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆன வெள்ளியன்று, சந்தோஷத்தில் முழுப் பழத்தோடு சர்க்கரைப் பொங்கலும் ஊட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் பஞ்சு மூலையில் சுருண்டு கிடந்தது. புல்லைத் தொடவில்லை. கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை.

“டிகிரி வாங்கினவன்தானே தம்பி, ஏதாச்சும் பண்ணு லா!”

“நான் படிச்சது கணக்குக்கா. கிளினிக் போலாம், கூடைய எடுங்க.”

மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். “இனிப்பால குடல் நின்னுபோச்சு. சாயங்காலத்துக்குள்ள புழுக்கை போடலைன்னா கஷ்டம். இனிமே தீனின்னா புல்லு, இலைதான். பழம் நகத்தளவு போதும்.” ஊசி போட்டு அனுப்பினார்.

வீடு திரும்பியதும் அக்கா கூடையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சாமி பிரசாதம்தானே கொடுத்தேன் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஐந்து மணிக்குச் சுவருக்கு அப்பாலிருந்து கத்தல் வந்தது. “தம்பி, போட்டுட்டான்!”

அடுத்த வெள்ளி, சாமி முன்னால் பழத்தோடு ஒரு கொத்து மல்லி இலையும் இருந்தது.